அறுபது விஞ்ஞானிகளுக்கு எல்சி போட்ட விருந்து

எண்ணூர் ஆற்றோரத்தில் இருக்கும் அந்தத் தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதலில் எல்சியைத்தான் தேடி வருவார்கள். ராயபுரத்தில் பிறந்தவள், அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். இருபத்திரண்டு வயதில் இக்னேஷியஸுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். கோயில் கொடியேற்றமோ, பிள்ளைகளுக்குப் புதுநன்மையோ, இறந்தவருக்கு முப்பதாம் நாளோ, பெரிய அண்டாவுக்கு முன்னால் நிற்பவள் அவள். பந்தியில் உட்கார்ந்தவன் முகம் சுளித்து எழுந்தான் என்ற பேச்சு இந்த முப்பது வருஷத்தில் வந்ததில்லை.

இக்னேஷியஸ் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. கொழுந்தன் கஸ்பார் ஆற்றில் இறங்கிக் கையால் தடவிப் பிடிக்கும் இறாலை விற்றுத்தான் இரண்டு குடும்பமும் ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வதுகூடப் பழக்கதோஷம்தான். ஆற்றின் அடியில் பக்கத்து அனல்மின் நிலையத்தின் சாம்பல் படிந்து படிந்து சேறே கறுத்துவிட்டது. பிடிக்கிற கொஞ்ச இறாலும் மண்ணெண்ணெய் நாறும். கஸ்பாரின் இரண்டு கையும் முழங்கை வரை வெடித்துப் புண்ணாகிக் கிடந்தன.

தெருக்காரர்கள் சேர்ந்து மின் நிலையத்தின்மேல் வழக்குப் போட்டிருந்தார்கள். யானைக்கவுனியில் அலுவலகம் வைத்திருந்த வக்கீல் ஜானட் ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொன்னாள்: அறிவியல் ஆதாரம் வேண்டும், யாராவது படித்தவர்கள் மண்ணைச் சோதித்து எழுதித் தர வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் உதயா வந்தாள். ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்ப்பவள். கடலோர நீர்நிலைகளைப் பற்றி நகரத்தில் நான்கு நாள் சர்வதேச மாநாடு நடக்கப்போகிறது. மூன்றாம் நாள் அறுபது விஞ்ஞானிகள் மூன்று கரையோரத் தெருக்களுக்கு வந்து மக்களோடு பேசுவார்கள். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஐந்து வருஷம் மாதாமாதம் மண்ணையும் தண்ணீரையும் சோதிப்பார்கள் என்றாள். எல்சிக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. ஐந்து வருஷச் சோதனை. ஜானட் கேட்ட தாள் அதுதான்.

"நீங்க எதையும் ஏற்பாடு பண்ண வேணாம்க்கா. இருக்கிறதை இருக்கிறபடி காட்டுங்க. மதியச் சாப்பாடு மட்டும் போதும்," என்றாள் உதயா.

சாப்பாடு என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. மாதா கோயிலுக்கு ஆயர் வரும்போது என்ன செய்வார்களோ அதைத் தெரு செய்ய ஆரம்பித்தது. சாக்கடைக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். எண்ணெய்க் கறை ஏறிய சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வருபவர்களின் செருப்பு கறுக்கக்கூடாது என்று, கரையில் கிடந்த சாம்பல் சேற்றின்மேல் இரண்டு லாரி மணலைக் கொட்டி நிரவினார்கள். தண்ணீர் வடிந்தால் நாற்றம் கிளம்பும். கடல்தண்ணீர் ஏறும் நேரமாகப் பார்த்துப் பதினோரு மணிக்கு வரச் சொன்னவள் எல்சியேதான்.

"ஆயருக்கே நாம இம்மாம் பண்ணல அண்ணி," என்றான் கஸ்பார், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு.

"ஆயரு ஆசீர்வாதம் குடுத்துட்டுப் பூடுவாரு. இவங்க எழுதிக் குடுக்கணும்."

அவர்கள் வரும் நாள் காலை எல்சி அவன்முன் ஒரு முழுக்கைச் சட்டையை நீட்டினாள்.

"இந்த வெயில்ல இது இன்னாத்துக்கு அண்ணி?"

"உன் கையப் பாத்தா யாருக்குச் சோறு எறங்கும்?"

"கையத்தானே பாக்க வர்றாங்க."

"சாப்ட்டப்புறம் காட்டு. மொதல்ல வயிறு ரொம்பட்டும்."

ஆற்று இறாலைத் தொடவே இல்லை. காசிமேட்டு மீன் சந்தையிலிருந்து கொழுத்த இறாலும் வஞ்சிரமும் வந்தன. விஞ்ஞானிகள் வந்தார்கள், புது மணலில் நடந்தார்கள், அதே மணலில் குழாயை இறக்கி மண் எடுத்தார்கள். தண்ணீர் கரைமுட்டப் பளபளத்தது. பந்தியில் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் இரண்டாம் முறை இறால் வாங்கிக்கொண்டு ஏதோ கேட்டார்.

"இந்த இறால் இங்க பிடிச்சதானு கேக்கறார்," என்றாள் உதயா.

"நம்ம ஆத்து எறாதான் சார். நல்லா சாப்புடுங்க," என்றான் கஸ்பார்.

எல்சி கரண்டியோடு நின்றாள். எங்கள் இறால் நாறும் என்று, வாயில் சோறு இருக்கும் மனிதரிடம் எப்படிச் சொல்வது? இன்னும் நாலு இறாலை அள்ளி அவர் இலையில் போட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் பஸ் ஹாரன் அடித்தது. மாலையில் நகரத்தில் பரதநாட்டியமாம். கஸ்பார் சட்டையின் கைப்பட்டனைக் கழற்றிக்கொண்டே பேராசிரியரை நோக்கிக் கையை நீட்டினான். அவர் விடைபெறுகிறான் என்று நினைத்து, அதைப் பற்றிக் குலுக்கிவிட்டு ஏறிப்போனார்.

எல்சி உதயாவைப் பஸ் படியில் பிடித்து, மணலையும் இறாலையும் சொன்னாள்.

"ஏன்க்கா அப்பவே சொல்லல?"

"துன்னுகினு இருக்கறவங்ககிட்ட எப்டிம்மா சொல்றது?"

நான்காம் நாள் பொதுக்கூட்டத்துக்கு எல்சியையும் கஸ்பாரையும் அழைத்திருந்தார்கள். திரையில் எல்சி இறால் பரிமாறும் படம் பெரிதாக வந்தது. ஐந்து வருஷச் சோதனைக்கு வேறொரு கரை தேர்வானது. எல்சியின் தெருவை 'நம்பிக்கையளிக்கும் மீட்சி' என்றார்கள். அவளை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

"அவங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னேன்க்கா," என்றாள் உதயா, வாசலில். "அளந்தது என்னவோ அதைத்தான் எழுத முடியும்னுட்டாங்க."

அடுத்த மாதம் எல்சி ஜானட்டின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜானட் மாநாட்டின் அறிக்கையை இரண்டு முறை படித்தாள்.

"இது கரண்ட் கம்பெனிக்காரங்க கைக்குப் போனா கேஸு இன்னாவும்?" என்று கேட்டாள் எல்சி.

"போயாச்சு. போன வாரமே கோர்ட்ல தாக்கல் பண்ணிட்டாங்க. கூடவே உன் போட்டோவும்."

"நான் வந்து சொல்றேன். காசிமேட்டு எறா, லாரி மணலுன்னு சொல்றேன்."

"அன்னிக்கு அறுபது பேர் முன்னாடி சொன்னது பொய்யின்னா, இன்னிக்குச் சொல்றது மட்டும் எப்படி நிஜம்னு கேப்பாங்க, எல்சி."

எல்சி எழுந்து படியிறங்கினாள். கீழே தெருவில் காத்திருந்த கஸ்பார், வக்கீலம்மா அடுத்த வாய்தா என்றைக்கு என்றாளா என்று கேட்டான். அவள் காதில் விழாதவள்போல பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். அவன் இரண்டடி பின்னால் அதையே மறுபடி கேட்டுக்கொண்டு வந்தான்.