அப்பாவும் சம்பந்தியாரின் சீனக் காசும்

எங்கள் அன்பு அப்பா மறைந்து ஓராண்டாகிறது. யாழ்ப்பாணத் தீவகத்தில் சரவணையில் பிறந்த அவர், இளவயதில் கொழும்பில் நகைக்கடையொன்றில் வேலை பார்த்தவர். பழைய சீன வெள்ளிக்காசுகளைச் சோதிக்க அங்கேதான் பழகினார். போரில் இடம்பெயர்ந்து அலைந்து வேலணைக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டில் கூரையும் இல்லை, கதவும் இல்லை. தோட்டம் செய்தே அவற்றைப் போட்டார், எங்களையும் படிப்பித்தார். பொய் சொல்ல மட்டும் அவருக்கு வராது. அதனால் என் கலியாணமே நின்றுபோகப் பார்த்தது.

போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் ஊர்காவற்றுறையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் பேசிப் பொருந்திய பிறகு, மாப்பிள்ளையின் தகப்பனார் பட்டுத்துணியை அவிழ்த்து, டிராகன் பொறித்த காசொன்றை மேசையில் வைத்தார்.

“எங்கட அப்பு சிங்கப்பூராலை கொண்டந்தது. மருமகளுக்கு.”

யாரும் அப்பாவிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை. அவராகவே மூக்குக்கண்ணாடியைப் போட்டார். அம்மா மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தார். அப்பா காலை இழுத்துக்கொண்டு காசின் விளிம்பைப் பார்த்தார். நல்ல காசில் விளிம்புக் கோடுகள் ஒரே சீராக இருக்குமாம். இதில் அச்சில் ஊற்றி வார்த்த தழும்பு ஓடியது. பிறகு விரல்நுனியில் வைத்து இன்னொரு காசால் தட்டினார். வெள்ளியென்றால் மணிபோல நீண்டு ஒலிக்கும். இது ‘டொக்’ என்று அடங்கியது.

“வடிவான வேலை,” என்றார் அம்மா அவசரமாக.

“வேலை வடிவுதான். காசு கள்ளக்காசு,” என்றார் அப்பா.

அறைக்குள் நின்ற நான் கதவிடுக்கால் எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது.

“இவ்வளவு காலமும் சாமியறையில வைச்சுக் கும்பிட்டனாங்கள்,” என்றார் தகப்பனார்.

“கும்பிட்டதில பிழையில்லை. வித்துப்போடாதேங்கோ.”

தகப்பனார் எழுந்து வாசல் படலைவரை போனார். மாப்பிள்ளை வீட்டாரும் பின்னால் எழுந்தார்கள். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார்.

“வீட்டில இன்னும் கொஞ்சம் கிடக்கு. ஒருக்காப் பாப்பியளே?”

“ஓம், கொண்டு வாங்கோ.”

மறுநாள் கொண்டுவந்தவற்றில் ஒன்று நல்ல வெள்ளி. அந்தச் சந்தோசத்திலேயே கலியாண நாளும் குறிக்கப்பட்டது. நல்ல காசை எனக்கு மாமாவாகப் போகிறவர் பத்திரமாக மடியில் கட்டிக்கொண்டார். சொன்ன சொல் மாறக்கூடாதென்று, கள்ளக்காசை எனக்குத் தந்தார்.

அதன் பிறகு அவர்கள் இருவரும் பிரிக்க முடியாத கூட்டாளிகள். அப்பாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் இரவு பகலாகக் கூட இருந்தவர் மாமாதான். அவருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த உறவினர், அயலவர் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

சோதிக்கும்படி அப்பாவிடம் காசு கொடுத்தவர்கள் வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம். எது நல்லது, எது கள்ளம் என்று அப்பா அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறார். அறிய விரும்பாதவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பேசாமல் எடுத்துப் போகலாம்.