துரு பார்க்கிற பெலிங்

எலிசேயோ வந்தது ஜெராக்ஸ் எடுக்கத்தான். வேறு எதற்கும் இல்லை.

பாஸ்போர்ட்டையும், கப்பல் வேலைக்கான சீமேன் புக்கையும் அசலாக மணிலாவுக்கு அனுப்ப வேண்டும். நாலு மணிக்குள் கூரியரில் போட்டால் கப்பலில் இடம், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்திருந்தது. கூரியர் கடை எதிரிலேயே இருந்தது. மணி இரண்டே கால்.

மோலோ சதுக்கத்தில் பெலிங்கின் கடை என்றால் பிலிப்பைன்ஸின் இலோய்லோ ஊரில் கப்பலுக்குப் போகிற ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு பழைய கம்ப்யூட்டர், வாசலில் வாழைப்பழம் பொரித்து விற்கிற அவள் புருஷன் அந்தோய். அவ்வளவுதான் கடை.

புத்தகத்தை மிஷினில் வைத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"அசல் எங்க போகுது, தோத்தோ?"

நாற்பத்தொன்பது வயது ஆளைச் சின்னப் பையன் மாதிரி 'தோத்தோ' என்று கூப்பிட அவளால்தான் முடியும். அவனுக்கு அவள் 'மனாங்', அக்கா.

"மணிலாவுக்கு, மனாங். டெல்வமார் குளோபல்னு ஒரு கம்பெனி. வெப்சைட்ட பாத்தா அசந்துடுவீங்க."

"அசந்துட்டு சும்மா இருந்தா பரவால்ல. நீ புக்கையே தூக்கிக் குடுக்கப் போற. காட்டு."

வாசலிலிருந்து அந்தோய் சிரித்தான். "போச்சு. இவ பாக்க ஆரம்பிச்சா நல்ல கப்பல்லயே ஓட்டை விழும்."

எலிசேயோவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏப்ரல் வந்தால் அவனுக்கு ஐம்பது. ஐம்பது தாண்டிய ஆளை எந்தக் கம்பெனியும் புதிதாக எடுக்காது. இருபத்தாறு வருஷம் இஞ்சின் ரூமில் எண்ணெய் போட்டுத் துடைத்தவன், பதினாலு மாதமாக வீட்டில் கிடக்கிறான். அனுப்பாமல் விட்டால் கடைசி இடமும் போகும். அனுப்பி அது பொய்யாக இருந்தால் புத்தகம் போகும். புதுப் புத்தகம் கைக்கு வருவதற்குள் ஏப்ரல் வந்துவிடும்.

பெலிங் வெப்சைட்டைத் திறந்தாள். நீலக் கடல், வெள்ளைக் கப்பல், பல் தெரியச் சிரிக்கிற கேப்டன். எலிசேயோவுக்கு மறுபடியும் நெஞ்சு நிறைந்தது.

"லைசென்ஸ் நம்பர் போட்டிருக்கான், மனாங். கவர்மென்ட் லிஸ்ட்ல பாத்தேன். இருக்கு."

"நம்பர் இருக்கும். நம்பரப் பாத்து எழுத எவனுக்குத் தெரியாது?" அவள் எதையோ தட்டினாள். "கம்பெனி ஆரம்பிச்சு முப்பது வருஷம்ங்கிறான். இந்த வெப்சைட் பேரைப் பதிஞ்சு பத்தொம்பது நாள் ஆகுது. இந்த மேனேஜரம்மா படத்தத் தேடுனா, போலந்துல ஒரு பல்லாஸ்பத்திரி விளம்பரத்துலயும் இதே மூஞ்சிதான் சிரிக்குது."

"பல்லு நல்லா இருக்கு, அதான்," என்றான் அந்தோய்.

"நீ பழத்தப் பாரு, கருகுது." அவள் திரையை எலிசேயோ பக்கம் திருப்பினாள். "எனக்குக் கப்பல் தெரியாது. நீ இஞ்சின் ரூம்லயே கிடந்தவன். இந்த இஞ்சின் ரூம் படத்தச் சொல்லு."

பார்த்தான். நாலு பேர், வெள்ளை உடுப்பு, கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். அவன் முகம் மெல்ல மாறியது.

"காதுல ஒண்ணும் மாட்டல. இஞ்சின் ஓடுறப்ப இப்படி நின்னா செவுடாயிருவான். கையில ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்ல."

"இத நேத்து பாக்கலையா?"

"பளபளப்பத்தான் பாத்தேன், மனாங்."

அவள் திட்டவில்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் அந்தோயும் பளபளப்பைத்தான் பார்த்தான். கம்பெனி கொடுத்த முகவரியைத் தேடி மணிலாவுக்குப் போனால் அங்கே முள்வேலி போட்ட வெறும் மனை. தான் அனுப்பிய அசல் காகிதங்களைத் தேடி ஏழு மாதம் தெருத்தெருவாக அலைந்துவிட்டுத் திரும்பியவன் அப்புறம் கப்பல் ஏறவே இல்லை. அன்றைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள்தான் பெலிங். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. எதிர்த்த தீவுக்குப் படகில் போனாலே வாந்தி எடுக்கிறவள், உலகத்துக் கப்பல் கம்பெனிகளை எல்லாம் இந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே உரசிப் பார்த்துவிட்டாள். வாங்குவது ஜெராக்ஸ் காசு மட்டும்தான்.

"துரு எங்க இருக்குன்னு பாரு," என்றாள். "நெசமா ஓடுற கம்பெனின்னா வெப்சைட்லயும் துரு ஏறியிருக்கும். இந்த லைசென்ஸ் நம்பருக்குச் சொந்தக்காரன் வேற ஒருத்தன். வெறும் டெல்வமார், குளோபல் கிடையாது. இதோ."

பார்க்கவே சகிக்கவில்லை. பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. பாதிப் படம் திறக்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முந்திய கிறிஸ்துமஸ் வாழ்த்து இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே கடலில் தவறி விழுந்து இறந்துபோன ஒரு சமையல்காரனின் படம், ஒவ்வொரு வருஷமும் அவனுக்கு வைத்த பூசையின் தேதி. அதற்கும் கீழே இஞ்சின் ரூம். கிழிந்த உடுப்பில் ஒருவன், காதில் மூடி, பின்னால் சூடான குழாய் மேல் காயப்போட்ட காலுறை.

எலிசேயோ திரையைத் தொட்டே பார்த்துவிட்டான். "நானும் இப்படித்தான் காயப்போடுவேன்." குரல் இறங்கிவிட்டது. இருபத்தாறு வருஷம் துருவைச் சுரண்டியே வயிறு கழுவியவனுக்கு, துரு சாட்சி சொல்லும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"சரி, கூப்பிட்டுருவோமா," என்றாள் பெலிங்.

அதில் போட்டிருந்த போன் நம்பர் செத்து எத்தனையோ காலம். அவள் அசரவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து எண்ணெய்க் கறை பிடித்த ஒரு நோட்டை எடுத்தாள். அதில் கம்பெனி நம்பர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கம்பெனி ஆபீஸ்களுக்குக் கீழேயும் பக்கத்திலேயும் இருக்கிற கடைகள். சிங்கப்பூரில் ஒரு நூடுல்ஸ் கடை. கிரேக்கத்துத் துறைமுகத்தில் ஒரு முடிதிருத்துகிறவன். ஹாங்காங்கில் கடிகாரம் பழுது பார்க்கிறவன். கம்பெனிக்காரன் பொய் சொல்வான், கீழ்க்கடைக்காரனுக்கு என்ன அவசியம்? எலிசேயோ நோட்டை எட்டிப் பார்த்தான். இவன் உலகத்தைச் சுற்றியதெல்லாம் கப்பலின் அடிவயிற்றிலேதான். அவள் ஒவ்வொரு துறைமுகத்திலும் தெரு தெருவாக ஆள் வைத்திருக்கிறாள்.

மணிலாவில் ஒரு ரொட்டிக் கடை போனை எடுத்தது.

"அக்கா, உங்க மாடியில கப்பல் ஆபீஸ் இருக்கா?"

"டெல்வமாரா? இருக்கே. காலையில அம்பது பன் வாங்கிட்டுப் போனாங்க. இருங்க." அப்புறம் மாடிப்படியைப் பார்த்து ஒரு கூப்பாடு. ஆள் இறங்கி வருகிற செருப்புச் சத்தம் இலோய்லோ வரைக்கும் கேட்டது.

பெலிங் விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்ட போனை எலிசேயோ பக்கம் தள்ளினாள். வந்தவன் எரிச்சலில் இருந்தான். "நாங்க எவன்கிட்டயும் அசலைத் தபால்ல கேக்கறதில்ல. இந்த மாசத்துல நீங்க ஆறாவது ஆள். உங்களுக்கு என்ன வேலை?"

"ஆயிலர், சார்."

"எந்த இஞ்சின்?"

எலிசேயோ சொன்னான். எதிர்முனையில் காகிதம் புரட்டுகிற சத்தம்.

"திங்கக்கிழமை நேர்ல வாங்க. புக்கு உங்க கையிலயே இருக்கட்டும். இடம் உண்டுன்னு இப்ப சொல்ல மாட்டேன்."

பெலிங் போனை வைத்தாள். "ஆசை காட்ட மாட்டேங்கிறான். போய்ப் பாரு."

எலிசேயோ புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பழம் தின்றான். போகவே மனமில்லை. உள்ளே திரும்பித் திரும்பி அவளைப் பார்த்தான். சரியாக நாலு மணிக்கு அவன் போன் அடித்தது. டெல்வமார் குளோபல். குரல் தேனாய் ஒழுகியது.

"சார், அனுப்பிட்டீங்களா? கேப்டன் உங்களுக்காகக் காத்திருக்கார்."

எலிசேயோ சட்டைக்குள் இருந்த புத்தகத்தைத் தொட்டுக்கொண்டான்.

"அனுப்பிடறேன், சார். உங்க ஆபீசுக்குக் கீழ என்ன கடை இருக்கு?"

இணைப்பு அறுந்தது. எண்ணெய்ச் சட்டியில் பழத்தைத் திருப்பியபடி அந்தோய் சொன்னான். "பதினாறு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு இந்தக் கேள்வி தெரியாமப் போச்சு."