எந்தப் பருப்பு

அவள் வேலை செய்யும் ஆலையில் உலகம் இரண்டாகப் பிரிந்திருந்தது. பருப்பு, பருப்பு இல்லாதது. பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் பாதாம் வந்தாலும் முந்திரி வந்தாலும் அன்றைக்கு அதன் பெயர் பருப்பு. ஓடு, காம்பு, கல், சொத்தை, எப்போதாவது யாருடைய சட்டையிலிருந்தோ விழுந்த பித்தான், இவையெல்லாம் பருப்பு இல்லாதவை. கண் பார்ப்பதற்கு முன்பே விரல் அவற்றை எடுத்து வெளியே போட்டுவிடும். பல வருடப் பழக்கம். வீட்டில் அரிசி களையும்போதும் பேருந்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பொறுக்கிக்கொண்டிருக்கும்.

தெருவில் அவளைப் பருப்பக்கா என்றார்கள். வேலை முடிந்து வருகிறபோது அவளுக்கு முன்னால் வறுத்த வாசனை வரும். "பருப்பக்கா போயாச்சு, இனி கரியை அணைக்கலாம்" என்பார் முனையில் இருந்த இஸ்திரிக்காரர். அவள் சிரித்துக்கொண்டே போவாள். வீட்டு வாசலில் அந்தச் சிரிப்பு தானாக நின்றுவிடும்.

வீடு நாத்தனாருடையது. பருப்பக்காவின் கணவன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் சில நாட்கள் வந்து தூங்கிவிட்டுப் போவான். அவனுடைய அக்கா முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். காலர் திருப்புவது, ஜிப் மாற்றுவது, இளைத்தவர்களுக்குப் பிடிப்பது, பெருத்தவர்களுக்கு விடுவது. மெஷினுக்கு அடியில் துரை படுத்திருப்பான். முகவாய் நரைத்த செம்பட்டை நாய். குட்டியாக வந்த அன்றே வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டதால் வந்த பெயர். நாத்தனார் பெரும்பாலும் பேசுவது அவனிடம்தான். "துரை, இன்னைக்கு மழை வருமாடா?" என்பாள். துணி காய்கிறது, எடுத்து உள்ளே போடு என்று தம்பி மனைவிக்குச் சொல்வது அப்படித்தான்.

துரை பருப்பக்காவைத் திரும்பிப் பார்த்ததில்லை. அவள் கூப்பிட்டால் ஒரு காதை மட்டும் அசைப்பான். கேட்டுக்கொண்டேன், போகலாம் என்பதுபோல.

ஒரு மாலை அவள் ஏப்ரனைக் கழற்றி உதறியபோது பையிலிருந்து ஒரு முந்திரித் துண்டு விழுந்தது. துரை எழுந்து வந்து அதை எடுத்துக்கொண்டான். பிறகு தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தான். அந்த வீட்டுக்கு அவள் வந்த பிறகு அவன் அப்படிப் பார்த்தது அதுதான் முதல்முறை.

உடைந்த பருப்பில் ஒரு கைப்பிடி வீட்டுக்கு எடுத்துப்போனால் மேஸ்திரி வேறு பக்கம் பார்ப்பார். எல்லோரும் எடுத்துப்போனார்கள். அந்த மாலைக்குப் பிறகு அவளும் எடுத்தாள்.

நாத்தனார் ஒருமுறை பார்த்துவிட்டாள்.

"அவனுக்குக் கண்டதையும் குடுக்காத."

"பருப்பு கண்டதா அண்ணி? ஊரே வாங்கித் திங்குது."

"ஊரு திங்கட்டும். அவன் வயிறு எனக்குத் தெரியும். உன் பருப்பு இங்க வேகாது."

அது வேகத் தேவையில்லாத பருப்பு என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. கொடுப்பதையும் நிறுத்தவில்லை. நாத்தனார் குளிக்கப் போகும்போது, கடைக்குப் போகும்போது, மெஷின் சத்தத்தில் குனிந்திருக்கும்போது. துரை அவள் வருகிற நேரத்துக்கு வாசலில் வந்து நிற்கத் தொடங்கினான். "இவனுக்கு என்ன திடீர்னு உன் மேல பாசம்?" என்றாள் நாத்தனார். பருப்பக்காவுக்கு உள்ளங்கை கூசியது. சந்தோஷமாகவும் இருந்தது.

பெல்ட்டில் அவளுக்குப் பக்கத்து இடம் கட்டைக்குரல்காரியுடையது. ஒருநாள் அவளிடம் கேட்டாள்.

"நாய்க்குப் பருப்பு குடுக்கலாமாடி?"

"ஏன் குடுக்கக் கூடாது? எங்க வீட்டுப் பூனைக்குக் கடலை போட்டா உருட்டி விளையாடும், திங்காது. உருட்டி முடிச்சதும் எங்க வீட்டுக்காரரு எடுத்துத் தின்னுடுவாரு."

"விளையாட்டுக்குக் கேக்கல."

"நானும்தான். மனுஷனுக்கு நல்லதுன்னா நாய்க்கு ஆகாமப் போகுமா? வயசான நாய்னு சொல்ற. மூட்டுக்கு நல்லதுடி."

அது போதுமாக இருந்தது. துரைக்குப் படியேற முடியாமல் போயிருந்தது அப்போது. மருந்து மாதிரிதானே என்று சொல்லிக்கொண்டாள். ஒளித்துக் கொடுக்கிற எதையும் மருந்து என்று சொல்லிக்கொள்ளலாம்.

அந்த வாரம் புதுச் சரக்கு வந்தது. உருண்டையாக, வெண்ணெய் நிறத்தில். பெட்டியில் மெக்கடேமியா என்று போட்டிருந்தது. பெண்கள் யாருக்கும் வாயில் நுழையவில்லை. வெள்ளை உருண்டை என்று வைத்துக்கொண்டார்கள். வறுத்துக் கொட்டியபோது கூடமே மணத்தது. பெல்ட்டில் ஓடியதால் அதுவும் பருப்புதான். உடைசலில் ஒரு கை நிறைய அள்ளி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாத்தனார் தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். பருப்பக்கா தரையில் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினாள். துரை ஒன்றுவிடாமல் தின்றான். விரலிடுக்குகளை நக்கினான். பிறகு போகாமல் அவளுடைய பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துத் தூங்கினான். கால் மரத்துப்போன பிறகும் அவள் அசையவில்லை.

மறுநாள் காலை நாத்தனாரின் குரலில் விழித்தாள்.

"எந்திரிடா. துரை, எந்திரிடா ராஜா."

முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்த்தான். பின்பக்கம் அவனுடையதில்லை என்பதுபோல் தரையிலேயே கிடந்தது. உடம்பு நடுங்கியது. மெஷினுக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்திருந்தான். நாத்தனார் போர்வை எடுக்க உள்ளே ஓடினாள். பருப்பக்கா துடைக்கக் குனிந்தாள். அதில் வெள்ளைத் துண்டுகள் இருந்தன. கண் பார்ப்பதற்கு முன்பே விரல் அவற்றைப் பொறுக்கியது. ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் சுருட்டி வெளியே போட்டாள். நாத்தனார் போர்வையோடு வந்தபோது தரை சுத்தமாக இருந்தது.

"நேத்து காலைல கழுத்துல உண்ணி மருந்து விட்டேன்" என்றாள் நாத்தனார். அவள் உதடு கோணியது. "கை தவறி ரெண்டு சொட்டு கூட விழுந்துச்சு. அப்பவே நெனச்சேன்."

பருப்பக்கா போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

மிருக டாக்டர் இளவயதுப் பெண். துரையின் பின்னங்காலை மடக்கி நீட்டினாள். விரல்களுக்கிடையில் கிள்ளினாள். ஜுரம் பார்த்தாள்.

"என்ன சாப்பிட்டான்?"

"எப்பவும் சாப்பிடறதுதான். சோறும் கோழியும். நான்தான் போட்டேன்" என்றாள் நாத்தனார்.

"வேற ஏதாவது?"

டாக்டர் நிமிர்ந்து பருப்பக்காவைப் பார்த்தாள்.

"கொஞ்சம் பருப்பு குடுத்தேன்" என்றாள் பருப்பக்கா.

சொல்லிவிட்டாள். அந்த ஒரு கணம் நெஞ்சு லேசானது. டாக்டர் மறுபடி குனிந்தாள்.

"பருப்பு ஒண்ணும் பண்ணாது. வேகவச்சதுதானே?"

பருப்பக்கா தலையை அசைத்தாள். எந்தப் பக்கம் அசைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. டாக்டர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

"நீ எப்ப குடுத்த?" என்றாள் நாத்தனார்.

"நேத்து மத்தியானம். மிச்சம் இருந்துச்சு."

இரண்டுமே பொய் இல்லை. நாத்தனார் மேலே கேட்கவில்லை. தன் இரண்டு சொட்டை நினைத்துக்கொண்டிருந்தாள். அதைச் சொன்னபோது டாக்டர் யோசித்தாள். மருந்தாகவும் இருக்கலாம், முதுகெலும்பாகவும் இருக்கலாம் என்றாள். வாந்திக்கு ஊசி போட்டாள். நாளைக்கு எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கலாம். முதுகெலும்பு என்றால் இந்த வயதில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

"மனசைக் கொஞ்சம் தயார் பண்ணிக்கோங்க."

பருப்பக்கா துரையை வீட்டில் கிடத்திவிட்டு வேலைக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். மேஸ்திரி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அந்த அறையில் நாத்தனார் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெல்ட் ஓடியது. அவள் கையைத் தாண்டி ஒரு கல் போனது. இன்னொன்று போனது.

"கண்ணு எங்கடி இருக்கு?" என்றாள் கட்டைக்குரல்காரி, இரண்டையும் எட்டிப் பொறுக்கியபடி.

"கண்ணு இங்கதான் இருக்கு."

"அப்ப மிச்சமெல்லாம் எங்க இருக்கு?"

அவள் பெல்ட்டின் மேல் குனிந்தாள். டாக்டரிடம் தான் சொன்ன சொல்லை மனதுக்குள் பெல்ட்டில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பருப்பு. அதில் பொறுக்கி வெளியே போட ஒன்றுமில்லை. சுத்தமான சொல். கேட்டவளுக்கு ஒரு பருப்பு, சொன்னவளுக்கு வேறு பருப்பு. அவ்வளவுதான். நடுவில் தலையை அசைத்தது மட்டும்தான் இவளுடையது. அப்புறம் அந்தத் துணிச் சுருட்டல்.

மாலையில் இஸ்திரிக்காரர் ஏதோ சொன்னார். அவள் காதில் விழவில்லை. வாசலில் யாரும் நிற்கவில்லை.

மெஷின் மூடிக் கிடந்தது. நாத்தனார் தரையில் உட்கார்ந்திருந்தாள். துரை அவள் மடியில் தலை வைத்திருந்தான். பருப்பக்காவைக் கண்டதும் வாலை ஒருமுறை தரையில் அடித்தான்.

"படமெல்லாம் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்" என்றாள் நாத்தனார். "புரட்டிப் புரட்டி அவனை எதுக்கு வதைக்கணும்? காலைல போய் ஊசி போட்டு முடிச்சிடச் சொல்லிடறேன். நான்தான் பண்ணேன். நானே அவனைப் பிடிச்சுக்கறேன்."

"அண்ணி."

"தம்பிகிட்ட நீ சொல்லிடு. எனக்குச் சொல்ல வாய் வராது."

"அண்ணி, அது பருப்பு இல்ல."

"எது?"

"காலைல டாக்டர்கிட்ட சொன்னேனே. பருப்புதான். ஆனா அந்தப் பருப்பு இல்ல."

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். பருப்பக்கா ஏப்ரன் பையைத் தலைகீழாகத் திருப்பினாள். மூலையில் ஒட்டியிருந்த இரண்டு மூன்று வெள்ளைத் துண்டுகள் மெஷின் மேல் விழுந்தன.

"இது. ஒரு கை நிறைய. வாந்தியிலயும் இருந்துச்சு. நான்தான் துடைச்சுட்டேன்."

நாத்தனார் கத்துவாள் என்று நினைத்தாள். அவள் கத்தவில்லை. துரையின் தலையை மெல்லக் கீழே வைத்தாள். துண்டுகளை ஒரு துணியில் எடுத்துக்கொண்டாள்.

"இவ்வளவு நேரம் நான் இங்க உக்காந்து என் கையைப் பாத்துட்டு இருந்தேன்" என்றாள். "நீ பாத்துட்டுத்தானே போன?"

"ஆமா."

"வா. அவனை அந்தப் பக்கம் பிடி."

டாக்டர் துண்டை முகர்ந்தாள். விரலில் நசுக்கினாள். எண்ணெய் பிசுபிசுத்தது.

"மெக்கடேமியா" என்றாள். "இது நாய்க்கு ஆகவே ஆகாது. பின்னங்கால் விழுந்துடும், நடுக்கம், ஜுரம், வாந்தி. எல்லாம் இருக்கு. ஏம்மா, காலைலயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். பருப்புன்னு."

டாக்டர் அவளையே பார்த்தாள். "நானும் எந்தப் பருப்புன்னு கேட்டிருக்கணும்" என்றாள் பிறகு. "சரி. பெரும்பாலும் ரெண்டு நாள்ல தானா எந்திரிச்சிடுவான். தண்ணி குடிக்க வைங்க. வழுக்கற தரையில விடாதீங்க. மத்த பருப்பும் குடுக்காதீங்க. உப்பு, எண்ணெய், தொண்டையில சிக்கறது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வம்பு. உப்பில்லாத கடலை ஒண்ணு ரெண்டு தவறி விழுந்தா பரவாயில்ல. அதுக்கு மேல வேணாம்."

"அப்ப உண்ணி மருந்து?" என்றாள் நாத்தனார்.

"அது ஒண்ணும் பண்ணலைம்மா."

நாத்தனார் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய தோள் ஆடியது. தொடலாமா என்று பருப்பக்காவின் கை பாதி எழுந்து, நின்று, இறங்கியது.

வண்டியில் வரும்போது நாத்தனார் ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள். அதுவும் துரையிடம்.

"அவ உனக்காகக் குடுத்தான்னு நெனச்சியாடா? அவளுக்காகக் குடுத்தா."

மறுநாள் துரை எழுந்து, இரண்டடி நடந்து, விழுந்தான். அதற்கடுத்த நாள் மெஷினைச் சுற்றி வந்தான். நாத்தனார் சோறு பிசைந்து ஊட்டினாள். பருப்பக்கா அந்தப் பக்கமே போகவில்லை. கணவன் போன் செய்தபோது, "துரைக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு, இப்ப பரவாயில்ல" என்றாள். "என்ன ஆச்சு?" என்று கேட்டான். முன்னறையில் மெஷின் சத்தம் நின்றது. "நான்தான் ஆகாததைக் குடுத்துட்டேன்" என்றாள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கொடியில் ஏப்ரனைக் காணவில்லை. மெஷின் மேல் மடித்து வைத்திருந்தது. துவைத்து, இஸ்திரி போட்டு. அவள் எடுத்துக் கட்டிக்கொண்டாள். பழக்கத்தில் கை பைக்குப் போனது. உள்ளே நுழையவில்லை. பையின் வாய் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தைக்கப்பட்டிருந்தது. இரட்டைத் தையல். ஜீன்ஸுக்குப் போடுகிற தடித்த நூல்.

நாத்தனார் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"பெல்ட்ல நூல் மாட்டிக்கும், பிசிறு விடாமத்தான் வெட்டியிருக்கேன்" என்றாள் திரும்பாமல். அந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாகத் துரையின் பெயரைச் சொல்லாமல் அவள் நேராகப் பேசியதில் பருப்பக்கா ஒரு நொடி தடுமாறினாள்.

"சரி அண்ணி."

மாலையில் துரை வாசலில் நின்றிருந்தான். பின்னங்கால் இன்னும் கொஞ்சம் ஆடியது. அவளுடைய ஏப்ரனில் மூக்கை வைத்தான். தையலை ஒட்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு முகர்ந்துகொண்டே போனான். திரும்பி வந்தான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். நடந்தது எதுவும் தெரியாதது அந்த வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவன் காத்துக்கொண்டிருந்தான்.

உள்ளே மெஷின் ஓடவில்லை.