நீலப் பாவாடையில் வெள்ளைத் திட்டு

இசக்கிமுத்துவுக்குக் கறையைக் கண்டால் பயம் கிடையாது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கறை எடுப்பதுதான் அவர் வேலை. எண்ணெய், துரு, வெற்றிலை எச்சில், எதுவானாலும் துணியை மேசையில் விரித்து மருந்தைப் பீய்ச்சி, காற்றடித்துக் காய வைத்தால் போனது போனதுதான். ரத்தக் கறையும் வரும். ஊசி ஏறிய டெய்லர் விரலின் ரத்தம். அதைப் பார்த்து அங்கே யாரும் முகம் சுளித்ததில்லை. "அண்ணே, பிளட் பீஸ் வந்திருக்கு" என்று ஊரே கேட்கக் கூப்பிடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு பங்குனிச் சனிக்கிழமை ஒரு பாவாடை ஆட்டி வைத்துவிட்டது.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். அனுப்பர்பாளையத்தில் ஒரு லைன் வீட்டு அறையில் அவரும் மகள் ஜோதிகாவும்தான். ஜோதிகா பத்தாம் வகுப்பு. அரசுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை கணக்கு. நூற்றுக்கு நூறு வாங்கிக் காட்டுகிறேன் என்று அப்பாவிடம் பந்தயமே கட்டியிருந்தாள்.

சனிக்கிழமை மதியம் அவர் சாப்பிட வந்தபோது, ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்த பிள்ளை பொதுக் குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நீங்க போங்க. வேலாத்தா அம்மாவ வரச் சொல்லுங்க."

"என்ன தாயி, வயித்தால போவுதா? சோடா வாங்கிட்டு வரட்டா?"

"போங்கப்பா!"

வேலாத்தாள் லைனுக்குச் சொந்தக்காரி, பக்கத்திலேயே குடியிருப்பவர். உள்ளே போனவர் சிரித்த முகமாய் வெளியே வந்தார். நேரே தன் வீட்டுக்குள் போய் ஒரு கை சர்க்கரை அள்ளி வந்து இசக்கிமுத்துவின் வாயில் போட்டார்.

"நல்ல சேதிங்க தம்பி. கண்ணு பெரிய மனுசி ஆயிட்டா."

சர்க்கரை கரைவதற்குள் அடுத்தது வந்தது. "தாய்மாமன் வந்து தண்ணி ஊத்தற வரைக்கும் புள்ள மூஞ்சியப் பாத்துப்போடாதீங்க. ஆம்பளைங்க பாக்கக் கூடாது. ஊட்டுக்குள்ளயும் உட்டுறாதீங்க."

இசக்கிமுத்து திருதிருவென்று விழித்தார். நல்ல சேதி என்றால் ஏன் பார்க்கக் கூடாது? கெட்ட சேதி என்றால் வாயில் எதற்குச் சர்க்கரை? கேட்கலாமென்றால் இதை ஒரு பெண்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று நாக்கு எழவில்லை. ஊரில் இருந்தால் அத்தைமாரும் சித்திமாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். இங்கே எல்லாம் அவர் தலையில்.

லைன் கடைசியில் விறகு போடும் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. வேலாத்தாள் அதைக் கூட்டி, குறுக்கே ஒரு பழைய சேலையைக் கட்டி, பிள்ளையை உள்ளே உட்கார வைத்தார். தனித் தட்டு, தனி டம்ளர். கழற்றிப் போட்ட பாவாடை வாசலோரம் சுருண்டு கிடந்தது.

"அதத் தொடாதீங்க. எங்கூர்ல வண்ணாத்தி எடுத்துட்டுப் போயிருவா. திரும்ப ஊட்டுக்குள்ள வரக் கூடாதுங்க."

"ஐயோ, அது யூனிபார்ம்லா! திங்கக்கிழம பரீட்சைக்கு அதத்தானம்மா உடுத்தணும்."

"பரீட்சைக்கா?" வேலாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணி ஊத்தாமயா?"

மைத்துனன் பெருமாள்சாமிக்குப் போன் போட்டார். அங்கே ஒரே சந்தோஷம். சீர்த்தட்டைப் பற்றியும் மாலையைப் பற்றியும் பேசிக்கொண்டே போனவன் கடைசியில் சொன்னான்: "புதன்கிழமதான் நாள் நல்லாருக்கு அத்தான். அதுவரைக்கும் பிள்ளைய வெளிய விடாதிய. எதுவும் ஆயிட்டா யார் பதில் சொல்லுதது? பரீட்சைய அடுத்தவாட்டி எழுதிக்கிடலாம்."

எதுவும் என்றால் எது என்று அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

சாயங்காலம் சேலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அப்பா, கணக்குப் புத்தகம் வேணும்."

புத்தகம் சரஸ்வதி ஆயிற்றே, தொடலாமா? வேலாத்தாளிடம் போய்க் கேட்டார். அவரும் கன்னத்தில் கை வைத்து யோசித்தார். "பாடப் புத்தகமுங்களா? அந்தக் காலத்துல எங்களுக்கு ஏது புத்தகம்? எனக்கே தெரியலீங்க தம்பி." இசக்கிமுத்து தலையைத் திருப்பிக்கொண்டு சேலைக்கு அடியில் புத்தகத்தைத் தள்ளினார். உள்ளிருந்து ஒரு கை நீண்டு இழுத்துக்கொண்டது. அந்தக் கையைப் பார்க்கலாமா கூடாதா என்பது அடுத்த குழப்பம்.

"அப்பா, நா ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனா?"

"இல்ல தாயி" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று நகர்ந்துவிட்டார்.

அவளுக்கு இருந்த இன்னொரு பாவாடை போன மாதமே சைக்கிள் செயினில் மாட்டிக் கிழிந்து போயிருந்தது. அதே பள்ளியில் படிக்கும் பெண் எதிர் லைனில் இருந்தாள். அவள் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தார். "நல்ல நாள்னா குடுப்பனுங்க. இந்த மாதிரி நேரத்துல எப்படிங்க?" என்று அந்த அம்மாள் கதவுக்குள் பாதி மறைந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் அரை ஷிப்ட். யாரும் பார்க்காதபோது சுருண்டு கிடந்த பாவாடையை மஞ்சள் பைக்குள் திணித்து எடுத்துப் போனார். பரீட்சைக்கு அனுப்புவது என்று முடிவு கட்டிவிட்டுச் செய்தார் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. கறை இருக்கிறது, எடுக்கத் தெரியும், அவ்வளவுதான். முதலில் பச்சைத் தண்ணீர். பிறகு ரத்தக் கறைக்கென்று வைத்திருந்த மருந்து. பிடிவாதமாக நின்ற இடத்தில் இன்னொரு முறை, கொஞ்சம் கூடுதலாக. அக்கம் பக்கம் பார்த்துப் பார்த்து அவசரமாக அடித்தார். கறை போயே போய்விட்டது.

கறையோடு நீலமும் போய்விட்டது.

அந்தக் கம்பெனியில் ஓடுவது அத்தனையும் வெள்ளைப் பனியன். மருந்து சாயத்தைத் தின்னும் என்பதே அவருக்கு மறந்துவிட்டிருந்தது. பாவாடையின் பின்பக்கம் சரியாக அதே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று ஒரு திட்டு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

செக்கிங் செய்யும் கருப்பாத்தாள் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்கண்ணா, யாரு பாவாடைங்க?"

"மை கொட்டிட்டு."

கருப்பாத்தாள் திட்டைப் பார்த்தாள், அது இருந்த இடத்தைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "மை எப்படீங்க அங்க கொட்டும்?" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பாவாடையை மடித்துப் பைக்குள் வைத்தாள். இசக்கிமுத்துவுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை, சேலைக்கு மேலாகப் பாவாடையை நீட்டினார், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. "தாயி, அப்பா கெடுத்துப்புட்டேன். பின்னால வெளுத்துப் போச்சு. ஒனக்கு இஷ்டம்னா உடுத்து."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. பரீட்சை அட்டையோடு ஜோதிகா வெளியே வந்தாள். இசக்கிமுத்து தரையைப் பார்த்தபடி நின்றார்.

குழாயடியில் குடத்தோடு நின்ற வேலாத்தாள் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "போறதுன்னா மாரியாத்தா கோயில் வழி வேண்டாமுங்க. சாயப்பட்டறைப் பக்கமாச் சுத்திப் போங்க" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அது சம்மதமா, சாபமா?

"அப்பா, பின்னாடி தெரியுதா?"

பதில் சொல்ல வேண்டுமானால் பார்க்க வேண்டும். பார்த்தார். நன்றாகவே தெரிந்தது.

"தெரியுது. நா ஒட்டியே வாரேன். நீ நட."

சாயப்பட்டறைச் சந்து முழுக்க மகள் முன்னே நடக்க, அவள் குதிகால் மிதிபடும் நெருக்கத்தில் அப்பா பின்னே நடந்தார். எதிரே வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பிள்ளைக்கு எதுவும் ஆகிவிடுமோ என்ற பயமும் கூடவே வந்தது. பெருமாள்சாமிக்கு என்ன சொல்வது, செத்தவள் இருந்தால் என்ன சொல்லியிருப்பாள், ஒன்றும் புரியவில்லை.

பள்ளிக்கூடக் கேட்டில் வாட்ச்மேன் அவரை நிறுத்திவிட்டார். அதற்கு மேல் மறைக்க அவர் இல்லை. ஜோதிகா ஒரு கணம் நின்றாள்.

"தெரிஞ்சா தெரியட்டும்ப்பா" என்று திரும்பிச் சிரித்தாள்.

எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, இடது புருவத்தில் சின்ன வயதில் விழுந்த தழும்பு, சிரித்தால் தெரியும் தெற்றுப்பல். சனிக்கிழமை காலையில் பார்த்த அதே முகம்தான். அதில் பார்க்கக் கூடாதது என்ன இருக்கிறது என்று இசக்கிமுத்துவுக்குக் கடைசி வரை விளங்கவில்லை.