மேலகரத்தார் கேட்காத கேள்வி

“தண்ணி விழுதான்னு போன் போட்டுக் கேக்கிறது வெளியூர்க்காரன் பொழப்புடே பாண்டி. நான் எந்தச் சீமையில கெடந்தாலும் என் வாயில அந்தக் கேள்வி வராது. எழுதி வச்சுக்கோ.”

மேலகரம் உமாசங்கர் அவர்கள் இந்தப் பிரகடனத்தைத் தமது இருபத்திரண்டாம் வயதில், குற்றாலத்தில் தாய்மாமாவின் லாட்ஜ் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் கால்மேல் கால் போட்டுக்கொண்டு வெளியிட்டார். நண்பர் பாண்டி எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அவர் கையில் பஜ்ஜி இருந்தது.

பிரகடனத்துக்கு நியாயம் உண்டு. சீசன் பிறந்துவிட்டால் லாட்ஜின் லேண்ட்லைன் ஓயாது. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஒரே கேள்வியைக் கேட்பார்கள். கல்லூரி விடுமுறைதோறும் அதற்குப் பதில் சொல்லியே வளர்ந்தவர் அவர். அந்தக் குரல்களில் இருந்த தவிப்பை ஒரு வகை நோயாகவே கருதிவந்தார். அருவிக்கு சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் பிறந்தவருக்கு அந்த நோய் வரக் காரணமில்லைதான்.

மறு ஆண்டு ஜூலையில், சப்ளை செயின் மேலாண்மை என்னும் உயர்ந்த சாத்திரத்தைக் கற்க அவர் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகருக்கு எழுந்தருளினார். அம்மா உமா மகேஸ்வரியிடம் அனுமதி வாங்கவே ஒரு வருடம் பிடித்தது. அதிலும் ஒரு நிபந்தனை இருந்தது.

“ஊரு நெனப்பா இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னேன்னு வையி, அடுத்த பிளைட்டுல ஏத்தி இங்கன கொண்டாந்துருவேன். மாமா லாட்ஜுல ஸ்வாதின்னு ஒரு பிள்ளைய இப்பம் சும்மா ஒக்கார வச்சிருக்கான். அந்த நாற்காலி ஒனக்குத்தான்.”

அந்த நாற்காலியில் ஆயுள் முழுக்க உட்கார அவருக்கு விருப்பமில்லை. படித்தாக வேண்டும் என்ற ஆசை, நையாண்டிக்கு இடமில்லாத அளவுக்கு, உண்மையானது. ஆகவே ஏங்குவதில்லை என்று முடிவெடுத்து விமானம் ஏறினார்.

மெல்பர்னில் குளிர்காலம். உதட்டைக் கிழிக்கும் வறண்ட காற்று. அவர் அறை எடுத்திருந்த வீட்டின் சொந்தக்காரி ஹெலன் அம்மையார், குளியலறைச் சுவரில் சின்ன மணல் கடிகாரம் ஒன்றை ஒட்டியிருந்தார். மணல் தீர்வதற்குள் குளித்துவிட வேண்டும். அந்த வீட்டில் தண்ணீருக்கு அவ்வளவு மரியாதை. தலை நிறைய நல்லெண்ணெயோடு உள்ளே போன நம்மவருக்கு, சீயக்காய் கரைவதற்குள் மணல் தீர்ந்தது. ஷவர் பூப்போலத் தூறியது. அதன் கீழே முதுகை வளைத்து, குழாயை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் ஆளைத் தள்ளிவிடாதபடி அருவியில் கம்பியைப் பிடித்தே நின்று பழகிய கைகள். இங்கே தண்ணீர் தள்ளவில்லை. “கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி” என்று பின்னாலிருந்து முட்டவும் ஆளில்லை.

அன்றைக்கு அவருக்கு அந்த நோயின் முதல் அறிகுறி தென்பட்டது.

வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். அதில் கொட்டுவதெல்லாம் போன வருடத்து அருவி. பாண்டியின் ஸ்டேட்டஸிலோ கூலிங் கிளாஸ் போட்ட பாண்டி மட்டுமே தெரிந்தார். அருவி அவர் தலைக்குப் பின்னால் எங்கோ இருந்தது. அவரிடமே கேட்பதென்றால் பிரகடனம் என்னாவது?

ஆகவே உமாசங்கர் அவர்கள் தாம் கற்ற சாத்திரத்தைப் பயன்படுத்தினார். தண்ணீர் விழுந்தால் வண்டிகள் வரும். வண்டிகள் வந்தால், குற்றாலம் போகும் வழியில் இருக்கும் மேலகரத்தில் ரோடு அடைக்கும்.

“ரோட்டுல டிராபிக் எப்படிப்பா இருக்கு?”

அப்பா சிவசுப்பிரமணியன் ஓய்வுபெற்றவர். மகன் தமக்கு ஒரு வேலை கொடுத்ததில் பூரித்துப்போனார். தினமும் வாசலில் நின்று பார்த்துவிட்டு அறிக்கை கொடுத்தார்.

“இன்னைக்கும் ஈ காக்கா இல்லடே. ரோட்டுல பாய விரிச்சுப் படுக்கலாம். நீ அதப் பத்திக் கவலப்படாம படி.”

மகன் படிக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

அடுத்து அம்மாவிடம் போனார். துணி காயாவிட்டால் சாரல் இருக்கிறது என்று அர்த்தம். சாரல் இருந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு.

“கொடியில துணியெல்லாம் காயுதாம்மா?”

“என்னது?”

“சும்மாதான். துணி... காயுதா?”

“ஏல, ஒன் பனியன நீ ஒரு நாளு கொடியிலேருந்து எடுத்திருப்பியா? அங்கன போயி துணியப் பத்தி விசாரிக்க. மொகத்தக் கிட்டக் காட்டு. கண்ணு ஏன் செவந்திருக்கு?”

“வெங்காயம் வெட்டுனேன்மா.”

“யாருகிட்ட சொல்லுத? ஏங்க, இங்க வாங்க, இவன் மொகம் சரியில்ல. டிக்கெட்டு என்ன வெலன்னு பாருங்க. ரோட்டக் கேக்கான், துணியக் கேக்கான், புள்ளைக்கு என்னமோ ஆயிட்டு.”

கேமராவுக்குள் பல் முழுவதும் தெரியச் சிரித்து, புதிய நண்பர்கள் இருவரின் பெயரை அங்கேயே இட்டுக்கட்டிச் சொல்லித்தான் அன்றைக்கு அந்த டிக்கெட்டை நிறுத்த முடிந்தது. இனி வீட்டில் எதைக் கேட்டாலும் ஆபத்து.

மறுநாள் மதியம், வகுப்பு முடிந்து, டிராம் நிறுத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்றவர், தூக்கத்திலும் மறக்காத ஒரு எண்ணை அழுத்தினார். லாட்ஜின் லேண்ட்லைன். யார் கூப்பிடுகிறார்கள் என்று அதில் தெரியாது. ஸ்வாதிக்கு அவர் குரலும் தெரியாது. இருந்தாலும் விஷயம் மாமா காதுக்குப் போனால் அடுத்த நிமிடம் அம்மாவுக்குப் போகும். ஆகவே நெல்லைப் பேச்சை மடித்து உள்ளே வைத்துவிட்டு, சென்னைக்காரர் ஆனார்.

“சென்னையிலேர்ந்து பேசறேங்க. ரூம் இருக்குங்களா?”

“இருக்கு சார்.” பின்னணியில் ஹாரன் சத்தம். யாரோ யாரையோ வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள்.

“கார் நிறுத்த எடம்?”

“அதுவும் இருக்கு சார்.”

“கூட்டம் ஜாஸ்தியா?”

“சார், வேற என்ன கேக்கணுமோ வெரசாக் கேளுங்க. இங்கன ஆளு நிக்காங்க.”

அவர் கேட்கவில்லை. அவளும் வைத்துவிடவில்லை.

“தண்ணி விழுதாம்மா?”

“அதக் கேக்கத்தான சார் இவ்வளவு நேரம்?” என்று சிரித்தாள் ஸ்வாதி. “நேத்து சாயங்காலத்துலேருந்து நல்லா விழுது. மெயினருவில ராத்திரி பாறைக்கு முன்னால இருக்க ஆர்ச்சு வளைவு வரைக்கும் தண்ணி அடிச்சுது. யாரையும் விடல. இப்பந்தான் கொஞ்சம் எறங்கி, குளிக்க விடுதாங்க. ஐந்தருவில அஞ்சுலயும் விழுது. சாரல் கண்ணத் தொறக்க விடல. எத்தன பேரு வாறீங்க?”

“ஒரு ஆளுதான்.”

“என்னைக்கு சார்? பேரு எழுதிக்கிடட்டா?”

டிராம் வந்து, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போயிற்று. உமாசங்கர் அவர்கள் அதில் ஏறவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“பழைய குற்றாலத்து அருவில?” என்றார். “அங்கயும் விழுதா?”