காணிப்பாக்கத்தில் நாங்கள் செய்யாத சத்தியம்

சித்தூர், காணிப்பாக்கம், திருப்பதி என்று ஒரே நாளில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். சாமி கும்பிடப் போகவில்லை, நாங்கள் கிறிஸ்தவர்கள். தம்பி ஜான்சனின் கல்யாணப் பேச்சு முறிந்துவிடக் கூடாதே என்ற பதைப்பில் போனேன். போன மார்ச்சில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், ஒரு சனிக்கிழமை. தவக்காலத்துக்கு எங்கள் சபையில் ஆளுக்கு ஒன்றை விடுவார்கள். பலர் கறியை விடுவார்கள். நான் கோபத்தை விடுகிறேன் என்று எல்லார் முன்னாலும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "உனக்கு எதுக்கு விஷப்பரீட்சை, கறியையே விடு" என்றார் என் கணவர். அதற்கே எனக்குச் சுருக்கென்று வந்தது.

விஷயம் இதுதான். ஜான்சன் திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அங்கே நர்ஸாக இருக்கும் பவானியை விரும்பினான். பவானியின் ஊர் நகரி. அவள் அப்பா முனுசாமி பவர்லூம் வைத்திருக்கிறார். வேறு மதத்துப் பையனா என்று ஒரு வருஷம் முரண்டு பிடித்து, கடைசியில் மனசு இளகிச் சம்மதித்தவர். அந்த நேரம் பார்த்து, பவானியின் தாய்மாமன் வரதன் குறுக்கே விழுந்தார். ஜான்சன் பாரில் குடித்துவிட்டு விழுந்து கிடந்ததைப் பார்த்ததாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பவானியைத் தன் மகனுக்குக் கேட்டு இல்லை என்று ஆனதில் அவருக்கு வயிற்றெரிச்சல். என் தம்பி பீர் பாட்டிலைக் கையால் தொட்டதில்லை.

முனுசாமி சண்டைக்கு வரவில்லை. காணிப்பாக்கத்துக்கு வந்து சத்தியம் பண்ணச் சொன்னார், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் அது வழக்கம். குளத்தில் முழுகி எழுந்து, ஈரத் துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அங்கே பொய் சொல்ல எவனுக்கும் தைரியம் வராது என்று நம்புகிறார்கள்.

காட்பாடியிலிருந்து சித்தூருக்கு 35 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஆந்திர அரசு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டுத் தைரியமாக ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் என் ஆதாரைப் பார்த்தார். "தமிழ்நாடு அட்ரஸ் செல்லாதும்மா, டிக்கெட் எடு" என்றார். சட்டம் அப்படி இருந்தால் அவர் என்ன செய்வார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகச் சொல்ல வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. பல்லைக் கடித்துக்கொண்டு காசைக் கொடுத்தேன்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஜான்சன் காத்திருந்தான். அங்கிருந்து காணிப்பாக்கம் 12 கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நானூறு கேட்டார், 250-க்கு இறங்கி வந்தார். வண்டியை எடுத்ததும், "தரிசனமா, பிரமாணமா?" என்றார்.

"பிரமாணம்" என்றேன்.

"அப்டின்னா மொதல்ல கோனேர் கொளத்துல முழுகணும். துணி மாத்திக்க எடுத்துக்கினு வந்துக்கிறீங்களா?"

நான் ஜான்சனைப் பார்த்தேன். அவன் கையில் பையே இல்லை. "அக்கா, நான் சத்தியம் பண்ணப் போறதில்ல" என்றான், டீ வேண்டாம் என்று சொல்கிற குரலில்.

எனக்கு உச்சந்தலை சூடானது. சத்தியமே பண்ணாதே, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று ஞாயிறு பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பெண் இவனுக்காக ஒரு வருஷம் வீட்டில் அழுதிருக்கிறாள். ஒரே ஒரு வார்த்தை. அதுவும் உண்மையான வார்த்தை. அதைச் சொல்லித் தொலைத்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டேன்.

"அங்க நின்னு சொன்னாதான் உண்மைன்னா, மத்த இடத்துல நான் சொல்றதெல்லாம் பொய்யாக்கா? நாளைக்கு அவரு ஒண்ணு கேப்பாரு. அப்பவும் காணிப்பாக்கம் வரணுமா?"

பதில் தெரியாதபோது எனக்குக் கோபம் இரண்டு பங்காகும்.

குளத்தங்கரையில் முனுசாமி, பவானி, வரதன் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். முனுசாமி கையில் புது வேட்டி ஒன்று இருந்தது, அவர் தறியிலேயே நெய்தது. முழுகி எழுந்ததும் மாப்பிள்ளை கட்டிக்கொள்ளட்டும் என்று ஆசையாக எடுத்து வந்திருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"மாமா, எனக்குக் குடிப்பழக்கம் இல்ல. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். எங்க விசுவாசத்துல அது இல்ல. நீங்க என்னை என்ன வேணும்னாலும் கேளுங்க, எத்தனை தடவை வேணும்னாலும் கேளுங்க" என்றான் ஜான்சன்.

முனுசாமியின் முகம் தொங்கிப்போனது. பவானி அப்பாவிடம், "நைனா, அவரு பொய் சொல்ல மாட்டாரு" என்றாள்.

வரதன் சிரித்தார். "பாத்தியா மாமா? குடிக்காதவன் எதுக்குப் பயப்படணும்? இவங்கல்லாம் சாமிக்கே பயப்படாத கூட்டம். அம்மா வளர்த்த லட்சணம் அப்டி."

எங்கள் அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவரை இழுத்ததும் என் கை தானாக எழுந்தது. வாயில் வந்து நின்ற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அந்த ஆளின் வயிற்றெரிச்சலை, மகனின் யோக்கியதையை, எல்லாவற்றையும் குளத்தங்கரையில் கடை பரப்பியிருப்பேன். ஆண்டவரே, என் வாயை நீரே மூடும், என்னால் ஆகாது என்று உள்ளுக்குள் கத்தினேன். பக்தியான ஜெபமெல்லாம் இல்லை. கடுப்பில் போட்ட கூச்சல். எப்படியோ கை இறங்கியது. முனுசாமியைப் பார்த்து, "உங்களுக்கு எவ்வளவு நாள் வேணுமோ எடுத்துக்குங்க சம்பந்தி. சொல்லாம கொள்ளாம எப்ப வேணும்னாலும் தம்பி ரூமுக்கு வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

முனுசாமி வேட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு மெதுவாக, "வரதா, நீ பாத்தேன்னு சொன்னியே. நீ முழுகி வந்து சொல்லு" என்றார்.

"நான் எதுக்கு மாமா?"

"கண்ணால பாத்தவன் நீதானே. வா, சேர்ந்தே போலாம்."

வரதன் குளத்தைப் பார்த்தார், கோயில் பக்கம் பார்த்தார். கால் நகரவில்லை. "நான் நேர்ல பாக்கல. பையன் சொன்னான்" என்றார்.

முனுசாமி அவரைத் திட்டவில்லை. ஜான்சனிடம், "தம்பி, நான் வருவேன், சொல்லாமதான் வருவேன்" என்றார். அது சம்மதம் இல்லை. ஆனால் அறுந்தும் போகவில்லை.

பவானிக்கு மதியம் டூட்டி. எல்லாரும் முனுசாமியின் காரிலேயே திருப்பதிக்குப் போகலாம் என்றார்கள். கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். பின் சீட்டில் என் பக்கத்தில் யார் உட்கார்ந்தது என்று நினைக்கிறீர்கள்? வரதன்தான். ஜன்னல் கண்ணாடியை அவர் ஏற்றினார், நான் இறக்கினேன். மறுபடி ஏற்றினார். அம்மாவைப் பேசிய ஆள் இப்படி ஒட்டி உட்கார்ந்து வேர்க்கடலை கொறிக்கும்போது பொறுமையாக இருப்பது எப்படி என்று யாராவது தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சித்தூரிலிருந்து காணிப்பாக்கத்துக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது, ஆட்டோ அவசியமில்லை. சனி, ஞாயிறு கூட்டம் நெரிக்கும், வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். மார்ச்சிலேயே தரை கொதிக்கிறது, செருப்பை நிழலில் விடுங்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் பஸ் காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பதியிலிருந்து காட்பாடிக்கு ரயில் உண்டு, நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கோபக்காரர்கள் கல்யாணம் பேசுகிற இடத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். நான் தனியாகப் போகவில்லை என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

திருப்பதி ரயில் நிலையத்தில் என்னை இறக்கிவிட்டார்கள். வரதனும் இறங்கினார். மன்னிப்புக் கேட்பார், உடனே விட்டுவிடக் கூடாது, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று தயாராக நின்றேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. காரில் இருப்பவர்கள் காதில் விழாத தூரம் வரை வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ அங்க என்னை ஒரு வார்த்த திட்டியிருந்தா போதும்மா. அந்த ரோஷத்துல குளத்துல எறங்கி, பாத்தேன்னு சத்தியம் பண்ணியிருப்பேன். மாமாவும் நம்பியிருப்பாரு."

அவர் திரும்பிக் காருக்குப் போய்விட்டார். நான் ரயிலுக்கு டிக்கெட் எடுக்காமல் அந்த வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.