செபமாலை அண்ணையும் என்னுடைய புது ரீலும்

செபமாலை அண்ணை இல்லையாம்.

இன்று காலை லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் என் மீன்கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன், போன் வந்தது. அவருடைய மனைவி றோசலின் அக்கா. "தம்பி, அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார்..."

"விசர்க் கதை கதையாதேங்கோ அக்கா" என்று கத்திவிட்டேன். பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

பொண்டியில் பஸ் தரிப்பில் நின்றவர் அப்படியே சரிந்திருக்கிறார். நெஞ்சுவலியாம். அம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

போன ஞாயிறு மத்தியானம்வரை கால்வாய்க்கரையில் என்னோடு சண்டை பிடித்த மனிசன். இன்னும் நம்ப முடியவில்லை...

அவரைத் தெரியாதவர்களுக்கு: ஊரில் பேசாலைக் கடற்கரை ஆள். இங்கே ஒரு பிரெஞ்சு ரெஸ்டோரண்டில் குசினி வேலை. என் கடைக்கு மீன் வாங்க வந்து, எல்லா மீனின் செவுளையும் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போனவர். அடுத்த கிழமை வந்து, "ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தால் தூண்டில் போட வா" என்றார். அப்படித்தான் பழக்கம்.

நாங்கள் பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவோம். கால்வாய் மீனைச் சாப்பிடுகிறதில்லை. "மீன்கடை முதலாளி மீனைப் பிடிச்சுப் பிடிச்சு விடுறாராம்" என்று லா ஷப்பல் முழுக்கச் சிரிப்பு. அண்ணைக்கு அதில் பெரிய சந்தோசம்.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை. தூண்டில் ரீல்.

அவருடையது பழைய சந்தையில் எடுத்த வட்டத் தட்டு ரீல். பல்லுச்சக்கரம் கிடையாது, பிரேக் கிடையாது. தங்கூசி நூல் தன்பாட்டில் ஓடும், பெருவிரலால் அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். என்னுடையது புதுசு. நூலைத் தடுக்கிற கம்பியைத் திறந்து எறிந்தால் அக்கரைக்குப் போகும். மீன் இழுத்தால் பிரேக் தானாக நூலை விட்டுக்கொடுக்கும்.

நான் வியாபாரி. வேலை செய்கிற சாமானைத்தான் வாங்குவேன். "அண்ணை, உது சாமானில்லை, சுவரிலை மாட்டுற படம்" என்பேன்.

"உன்ரையிலை மிசின் மீன் பிடிக்குது. நீ பக்கத்திலை நிண்டு வேடிக்கை பார்க்கிறாய்" என்பார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒருமுறை மார்ன் ஆற்றுக்குப் போனோம். ஓடுகிற தண்ணீர். அவருடைய தக்கை நீரோட்டத்தோடு இலை மாதிரி மிதந்து போகிறது, ரீல் சத்தமில்லாமல் நூலை விடுகிறது. என்னுடையது திக்கித் திக்கி நிற்கிறது. அவருக்கு வெள்ளி வெள்ளியாகக் கார்தோன் மீன். எனக்கு ஒன்றும் இல்லை.

"என்ன முதலாளி, மிசினுக்கு இண்டைக்கு லீவோ?"

அன்று அவருக்கு முன்னமே என் தூண்டிலை மடக்கி வைத்தேன்.

ஆனால் கால்வாயில் கதை வேறு. அங்கே பெரிய மீன்கள் அக்கரை ஓரம்தான் நிற்கும், அவருடைய நூல் பாதிக்கும் போகாது. இந்த வருசம் எப்படியோ ஒரு பெரிய கெண்டை இக்கரைக்கு வந்து அவருடைய தூண்டிலைக் கவ்வியது. இழுத்த இழுப்பில் ரீல் பைத்தியம் பிடித்த மாதிரிச் சுற்றி, பிடி அவர் விரலில் அடித்து, நகம் கறுத்துப் போனது. நூலும் அறுந்தது.

சமையல்காரனுக்கு விரல்தான் முதல். "ரெஸ்டோரண்ட் பத்ரோன் ஏசுறான், வெங்காயம் வெட்ட ஏலாதாம்" என்றார். முதல் தடவையாக என் ரீலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன ஞாயிறு கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். "ஒரு கிழமை வைச்சுப் பாருங்கோ. சரி எண்டால் உங்களுக்கும் ஒண்டு எடுப்பம்."

அவர் இடதுகைக்காரர். தடியை இடக்கையில் பிடித்து வலக்கையால் சுற்றுகிறவர். என் ரீலின் சுற்றுகிற பிடி இடப்பக்கம் இருந்தது. "ஒரு திருகுதான் அண்ணை, கழட்டி மற்றப் பக்கம் பூட்டினால் சரி" என்றேன்.

"தொட மாட்டன். பிடியை மாத்தினால் செபமாலைக்குப் பிடிச்சிட்டுது எண்டு லா ஷப்பல் முழுக்கச் சொல்லித் திரிவாய். எனக்குத் தெரியாதே உன்னை?"

"அப்ப எப்பிடிச் சுத்துவியள்?"

"பிழையாச் சுத்திப்போட்டு, இது கூடாத சாமான் எண்டு வாற ஞாயிறு சொல்லுவன்."

பின்னேரம் பொண்டிக்கு, அண்ணை வீட்டுக்குப் போனேன். வீடு நிறையச் சனம், செபம் போய்க்கொண்டிருந்தது. அக்கா உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டு வந்தார். "உங்கடை சாமானாம். கொண்டு போங்கோ தம்பி, எனக்கு இதைப் பார்க்க ஏலாது."

வேண்டாம் என்றேன். அக்கா கேட்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை லீவு. தனியக் கால்வாய்க்குப் போட்டு வந்தவர். மீன் பட்டதோ எண்டு கேட்டன். சும்மா சிரிச்சவர்."

வானுக்குள் இருந்துதான் பையைத் திறந்தேன். நூல் ஒழுங்காகச் சுற்றியிருந்தது, ஒரு சிக்குக்கூட இல்லை.

பிடி வலப்பக்கம் இருந்தது.

வானை எடுத்துக்கொண்டு நேரே கடைக்கு வந்தேன்.

ரீல் இப்போது கடையில், தராசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிடியை நான் திருப்பி மாற்றவில்லை.

லா ஷப்பல் முழுக்கச் சொல்லுவன் எண்டுதானே பயந்தனீங்கள்.

சொல்லிப்போட்டன் அண்ணை. எழும்பி வந்து என்னை ஒருக்கால் ஏசுங்கோ.